நடித்துக் காட்ட முடியாத வினைச்சொல்

போன வாரம் உங்களில் இரண்டு பேர் திருப்பதியில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காபி குடித்துவிட்டு, "சார், நடையைக் குறிக்கும் இங்கிலீஷ் வினைச்சொற்களை எப்படி நடத்துவது? பிள்ளைகளுக்கு எல்லாமே வாக் தான்" என்று கேட்டீர்கள். எனக்கு அன்று முழங்காலில் நல்ல வலி. "அகராதியைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடம் சொல்லக்கூடிய பதிலா அது? அப்போதிலிருந்து மனசு சரியில்லை. அதனால் எழுதுகிறேன். மெதுவாகத்தான் சொல்வேன். இப்போதெல்லாம் எனக்கு எதிலும் வேகம் வருவதில்லை.

மற்ற சொற்களெல்லாம் சுலபம். 'ஸ்ட்ரோல்' என்றால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்த்தபடி நடங்கள். 'மார்ச்' என்றால் சொல்லவே வேண்டாம், கடைசி பெஞ்சு உங்களுக்கு முன்னால் எழுந்து கையை வீசும். 'லிம்ப்' என்றால் ஒரு காலை நொண்டுங்கள், வகுப்பே சிரிக்கும். திருப்பதி ட்ரெயினிங் காலேஜில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்: தமிழில் அர்த்தம் சொல்லாதே, செய்து காட்டு. 'ட்ரட்ஜ்' என்ற சொல் வரும்போதுதான் மாட்டிக்கொள்வீர்கள்.

களைத்து, கால் கனக்க, சிரமப்பட்டு நடப்பது என்று அகராதி சொல்லும். அது பாதிதான். யானை கனமாகத்தான் நடக்கிறது, அதை ட்ரட்ஜ் என்று சொல்ல முடியாது. கோவிந்தா போட்டுக்கொண்டு அலிபிரியிலிருந்து மலை ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்கும், வியர்வை ஊற்றும், ஆனாலும் அது ட்ரட்ஜ் இல்லை. அவனுக்கு மேலே ஒரு சந்தோஷம் காத்திருக்கிறது. அதே ஆள் மொட்டைத் தலையோடு கீழே இறங்கி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பஸ் போய்விட்டது என்று தெரிந்து ரேணிகுண்டா வரைக்கும் நடக்கிறான் என்று வையுங்கள். அதுதான் ட்ரட்ஜ். உடம்பு களைத்திருக்க வேண்டும், தூரம் மிச்சம் இருக்க வேண்டும், போகாமல் இருக்கவும் முடியக் கூடாது. இதை எப்படி ஐயா நடித்துக் காட்டுவது? நான் முயன்றேன். தேசப்பட உருளைகளைத் தோளில் சுமந்து, முதுகை வளைத்து, வகுப்பைச் சுற்றி வந்தேன். "சார் சூப்பரா நடிக்கிறாரு" என்று கை தட்டினார்கள். களைப்பு மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அந்தச் சொல்லை ஒரே ஒரு பெண் சரியாகப் பிடித்துக்கொண்டாள். அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எல்லைத் தகராறு தீர்ந்து, எது ஆந்திரா, எது மதராஸ் என்று கோடு போட்டு முடித்த சமயம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நகரி பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடம். ஊர் ஆந்திராவில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் பிள்ளைகள் நிறைய, தமிழ்ப் பிரிவு ஒன்று ஓரமாக. அக்கம்பக்கத்துத் தமிழ் ஊர்கள் சில கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த பிள்ளைகள் நின்றுபோனார்கள். மிச்சம் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு சித்தூரிலிருந்து ஒரு யோசனை வந்தது. இங்கே எதற்குத் தனியாக ஒரு தமிழ்ப் பிரிவு, ரயிலடிப் பள்ளியோடு சேர்த்துவிடலாமே என்று. ரயிலடிப் பள்ளி இன்னும் மூன்று மைல் தள்ளி இருந்தது.

எங்கள் தமிழ்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து வருகிறவர்கள். சொந்த நிலம் இல்லாத குடும்பங்கள். மாந்தோப்புகளில் கூலி வேலை. அங்கிருந்து எங்கள் பள்ளிக்கே நாலு மைல். ஆற்று மணலைத் தாண்டி, ஏரிக்கரை மேல் ஏறி, மதகைக் கடந்து வர வேண்டும். அதிலும் காலையில் வெறுங்கையோடு வர மாட்டார்கள். தலையில் ஒரு விறகுக் கட்டு இருக்கும். ஊர் ஓட்டலில் அதைப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம். இன்னும் மூன்று மைல் என்றால் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆண் பிள்ளைகளாவது ஒன்றிரண்டு தேறலாம். கன்னியம்மா நின்றுவிடுவாள்.

கன்னியம்மா எட்டாம் வகுப்பு. அந்தக் காலனியிலிருந்து அதுவரை எட்டாம் வகுப்புக்கு வந்த ஒரே பெண். ஒல்லியாக, எண்ணெய் வைக்காத தலையோடு, எதைச் சொன்னாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பதில் சொல்வாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இன்னொரு இரண்டு மூன்று வருஷம் தள்ளிவிட்டால் இவள் எங்கேயாவது டீச்சராகிவிடுவாள் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பிரிவை மாற்றலாமா வேண்டாமா என்று பார்த்து எழுத இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வந்தது. ஹெட்மாஸ்டர் உடனே பரபரப்பாகிவிட்டார்.

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டும். இன்ஸ்பெக்ஷன் என்றால் அந்தக் காலத்தில் ஒத்திகை இல்லாமல் நடக்காது. எந்தக் கேள்வி கேட்டாலும் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வகுப்பே அறிவு மணிகள். நீங்கள் சிரிப்பீர்கள். இப்போது நீங்கள் செய்வது மட்டும் என்ன? பெயர்தான் மாறியிருக்கிறது.

எங்கள் ஹெட்மாஸ்டர் இந்த வித்தையில் கைதேர்ந்தவர். "யோவ், உன் கிளாஸ்ல அந்த நடக்குற வெர்பு பாடத்தையே வச்சிக்கோ. பசங்க குதிச்சிகினு இருந்தா அவருக்கும் பாக்க ஜாலியா இருக்கும்" என்றார். நானும் சரி என்றேன்.

இன்ஸ்பெக்டர் கடற்கரைப் பக்கத்துத் தெலுங்குக்காரர். நல்ல மனுஷர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. கொஞ்சம் பருத்த உடம்பு, பளபளவென்று ஷூ. அவரே பல வருஷம் வாத்தியாராக இருந்தவர். அதுதான் வினை. என் வகுப்பில் வந்து உட்கார்ந்தவர் ஐந்து நிமிஷத்தில் இடது கையையும் வலது கையையும் கவனித்துவிட்டார். மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

பாடம் முடிகிற நேரத்தில் அவரே எழுந்தார். இங்கிலீஷில் கேட்டார்: "பிள்ளைகளே, நீங்கள் தினமும் எப்படிப் பள்ளிக்கூடம் வருகிறீர்கள்?"

ஏறக்குறைய எல்லாக் கையும் எழுந்தது. அவர் கையையே தூக்காத கன்னியம்மாவைப் பார்த்துக் கை நீட்டினார். அவள் எழுந்து நின்றாள். வழக்கம்போல ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"வீ ட்ரட்ஜ் டு ஸ்கூல், சார்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் நடித்தும் புரிய வைக்க முடியாத சொல்லை அவள் தன் காலிலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டாள். கண் கலங்கிவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அதே சிரிப்பு. "பலே மேஷ்டாரு!" என்றார். பிறகு தெலுங்கில் மெதுவாக, "பிரிவை மாற்றக் கூடாது என்று மனு எழுதினால் போதாதா? பிள்ளை வாயில் வைத்து அனுப்ப வேண்டுமா?" என்றார்.

"சார், அது நான் சொல்லிக் கொடுத்த வாக்கியம் இல்லை."

"சரி சரி."

"சத்தியமாக, சார். காலையில் தலையில் விறகுக் கட்டோடு வருகிறவர்கள் இவர்கள்."

"விறகும் பாடத்தில் உண்டா?" என்று கேட்டுவிட்டு அவர் என் தோளைத் தட்டினார். கோபமாகத் தட்டியிருந்தால் பரவாயில்லை. செல்லமாகத் தட்டினார். இடது கை, வலது கை என்று நாங்கள் ஆடின ஆட்டத்துக்கு நடுவே வந்த ஒரே நிஜமும் ஆட்டமாகிவிட்டது. ஊரெல்லாம் கில்ட்டு நகை போட்டுக்கொண்டு நிற்கும்போது ஒருத்தி காதில் மட்டும் தங்கம் என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் அவர் நியாயஸ்தர். "நானே பார்க்கிறேன். சாயங்காலம் இவர்களோடு நடந்து போய் வருகிறேன்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஹெட்மாஸ்டர் பதறிப்போய், திரும்பி வருவதற்கு ஒரு மாட்டு வண்டிக்கு ஏற்பாடு செய்தார்.

இப்போது கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். என்ன தப்பு நடக்கப்போகிறது என்று தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. நாலு மைல் நடந்தால் அவருக்கே புரிந்துவிடும் என்று சந்தோஷமாகக் கிளம்பினேன்.

சாயங்கால மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வீட்டுக்குப் போகிற பிள்ளை எந்த ஊரில் ஐயா காலை இழுத்து இழுத்து நடந்திருக்கிறது? தலையில் விறகு இல்லை. பெரிய ஆபீசர் கூடவே வருகிறார் என்ற குஷி வேறு. ஏரிக்கரையில் ஜிலுஜிலு என்று காற்று. ஒருத்தன் புளியங்காய் உலுக்கினான். இன்னொருத்தன் மதகு மேலிருந்து குதித்துக் காட்டினான். மணலில் இறங்கியதும் ஓட்டப் பந்தயமே வைத்துவிட்டார்கள். கன்னியம்மா, என் கன்னியம்மா, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லாரையும் தாண்டி ஓடினாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மெதுவாகப் போங்கடா, கொஞ்சம் களைத்த மாதிரியாவது போங்கடா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அதை வாய்விட்டுச் சொன்னால் அது மறுபடியும் ஒத்திகை.

"சால பாகுந்தி" என்றார் இன்ஸ்பெக்டர். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். "இந்த மாதிரி நடை கிடைத்தால் எனக்கு இந்தத் தொப்பையே வந்திருக்காது."

காலனிக்குப் போய்ச் சேர்ந்தோம். கன்னியம்மாவின் அப்பா முனுசாமி ஓடி வந்தார். கயிற்றுக் கட்டில் வந்தது, அதன் மேல் துவைத்த புடவை ஒன்று விரித்தார்கள். இளநீர் வெட்டினார்கள். தங்கள் கையால் மோர் கொடுத்தால் ஆபீசர் குடிப்பாரோ மாட்டாரோ என்ற தயக்கம் வந்தால் அந்தக் காலத்தில் இளநீர்தான் வரும். அவர் இளநீரைக் குடித்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரும் கேட்டு வாங்கிக் குடித்தார். நல்ல மனுஷர் என்றேனே.

பிறகு முனுசாமியைக் கேட்டார், "பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தூரம்தானா?"

எங்கள் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியும். விருந்தாளி நம்மைத் தேடி நடந்து வந்திருக்கிறார். அவரிடம் போய் தூரம் என்று சொன்னால், ஏன் வந்தாய் என்று கேட்ட மாதிரி ஆகிவிடும். முனுசாமி பெற்றோர் சொல்லிக் கொடுத்த மரியாதையைக் காப்பாற்றினார்.

"அய்யய்யோ, தூரம்லாம் ஒண்ணும் கெடயாது சாமி. கூப்புடு தூரம். கண்ண மூடித் தொறந்தா வந்துரலாம்."

முடிந்தது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கக்கூட இல்லை, பாவம் பிழைத்துப் போகட்டும் என்பது போலப் பார்த்தார். வண்டி வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தார். "வாருங்கள் மேஷ்டாரு, ஏறுங்கள். நாளைக்குக் காலை பாகாலா போக வேண்டும், ராத்திரியே எழுதி முடித்துவிடுகிறேன்" என்றார்.

எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. வீட்டில் கல்யாணத்துக்குத் தங்கச்சி இருந்தாள். இன்ஸ்பெக்டரை எதிர்த்துப் பேசியவனைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிய கதைகள் எனக்கும் தெரியும். ஆனால் என் வாய் சும்மா இருக்காது, என் மனைவி இன்று வரைக்கும் சொல்கிற புகார் அது. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னேன்: "எழுதுங்கள் சார். போகும்போது நடந்தேன், திரும்பும்போது வண்டியில் வந்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்."

வண்டிக்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் அவன்கூடத் திரும்பிப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. பிறகு வண்டியிலிருந்து இறங்கினார். "வண்டி போகட்டும்" என்றார்.

நடந்தோம். இருட்டிக்கொண்டு வந்ததால் முனுசாமி லாந்தரோடு கூட வந்தார். இன்ஸ்பெக்டரின் தோல் பையை வலுக்கட்டாயமாக வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். மணலில் பாதி தூரம் போவதற்குள் ஷூ நிறைய மணல். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கரை ஏறும்போது நெருஞ்சி முள். மதியத்திலிருந்து நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்த உடம்பு அது. போகும்போது பேசிக்கொண்டே போனவர் இப்போது ஒரு வார்த்தை பேசவில்லை. ஓர் அடி வைப்பார், அடுத்த அடி வைக்க வேண்டுமே என்று வைப்பார். நான் பக்கத்திலேயே நடந்தேன், ஆறுதலாகக்கூட எதுவும் சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். படட்டும், படட்டும் என்று இருந்தது. இளவயசு.

மதகு வந்ததும் அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். பாதத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு முனுசாமியைப் பார்த்து, "காலையில் பிள்ளைகள் விறகு கொண்டு வருவார்களாமே, எவ்வளவு கனம் இருக்கும்? இந்தப் பை அளவு இருக்குமா?" என்று கேட்டார்.

முனுசாமி தலையில் இருந்த பையைக் கையால் ஒரு முறை தூக்கிப் பார்த்தார்.

"இத்தவிட ஜாஸ்தி சாமி" என்றார். தூக்கின பையை மறுபடி தலையில் இறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான் இன்ஸ்பெக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அதில் தெரிந்தது. அந்த முகத்தை விட்டு என் கண் நகரவில்லை. லாந்தரைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. அடுத்த உத்தரவு வரும்வரை தமிழ்ப் பிரிவு இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். ஹெட்மாஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டார், பள்ளிக்கூடத்துக்கே சுண்டல் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தச் சுண்டலை வாங்கக் கன்னியம்மா இல்லை. இன்ஸ்பெக்டர் வந்துபோன மறுநாளிலிருந்தே அவள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை காலனிக்குப் போனேன்.

முனுசாமி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷம்தான் என்றார். கன்னியம்மா ஏன் வரவில்லை என்று கேட்டேன். கயிற்றைக் கீழே வைத்தார்.

"சார், அவரு ஷூ போட்டவரு. நல்லா துன்னு வளந்த ஒடம்பு. வெறுங்கையா நடந்தாரு. அவரே மதகுல குந்திகினாரு. என் பொண்ணு தலையில கட்ட வச்சிகினு தெனமும் அதே வழியில வந்துகினு கீது. நாங்களும் நடக்கிறோம், அதுவும் நடக்குதுன்னு இருந்துட்டேன். இது கஷ்டம்னு எனக்கு ஒரு நாளும் தோணல சார். அன்னிக்கி அந்தப் பை தலையில இருக்கசொல்லதான் தோணிச்சி." கீழே வைத்த கயிற்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "பெத்தவன் பண்ற வேலையா இது? போதும் சார். எட்டு வரைக்கும் படிச்சிதே, போதும்."

ஆபீசருக்குப் புரிய வேண்டும் என்று நான் நடத்திக் காட்டிய பாடத்தை இன்னொருத்தர் படித்துவிட்டார். அதுவும் எவ்வளவு ஆழமாக!

குடிசைக்குள்ளிருந்து கன்னியம்மா வெளியே வந்தாள். அழுத முகம். "நைனா, கஷ்டம்னு நான் எங்க சொன்னேன்? வர்றோம்னுதான சொன்னேன்" என்றாள்.

முனுசாமி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். நீங்க படிச்சவரு. அந்த வழி கஷ்டமா, இல்லியா?"

இளைய நண்பர்களே, வகுப்பில் ஆயிரம் கேள்வி வரும், சமாளித்துவிடுவீர்கள். இப்படி ஒன்று வரும் பாருங்கள். கஷ்டம் இல்லை என்று சொன்னால் பொய், அதுவும் பையைத் தலையில் சுமந்தவரிடம் சொல்லும் பொய். கஷ்டம் என்றால் அந்தப் பெண்ணின் படிப்பு அங்கேயே தீர்ந்தது. என்னைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்கிறாள்.

"கஷ்டம்தான்" என்றேன். "ஆனாலும் அனுப்புங்கள்."

"ஒங்க பொண்ணா இருந்தா அனுப்புவீங்களா?"

எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஒருவருடைய கஷ்டத்தை மேலே இருக்கிறவருக்கு நிரூபிக்க நீங்கள் கிளம்புவீர்கள். கட்டாயம் கிளம்ப வேண்டியும் இருக்கும். அப்போது ஒரு தடவை திரும்பிப் பாருங்கள், அதை வேறு யாரெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று. தன் கஷ்டம் இவ்வளவு பெரியது என்று அதுவரை தெரியாமலே அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் அந்த வயசில் கேட்டிருக்க மாட்டேன்.

சில நாள் கழித்து, காலை மணி அடிக்கிற நேரம். கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் "சார், கன்னிமா, கன்னிமா" என்று கத்தினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புத்தகத்தை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு அவள் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் முனுசாமி. தலையில் விறகுக் கட்டு. ஓட்டலில் கட்டைப் போட்டுவிட்டு அவளைக் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். நான் வெளியே ஓடினேன்.

"மனசு கேக்கல சார். ராவெல்லாம் அழுதுகினே கீது" என்றார். "கட்ட நானே எட்த்துகினு வரேன். அது சும்மா வரட்டும்."

"தோப்பு வேலை?"

"லேட்டா வந்தா அர நாள் வேலதான்னாரு தோப்புக்காரரு. சரின்னுட்டேன்." சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினார்.

தினமும் வந்தார். மழை, வெயில் எதற்கும் நிற்கவில்லை. நாலு மைல் வந்து, உடனே நாலு மைல் திரும்பிப் போய், அதற்குப் பிறகு தோப்பில் மண்வெட்டி பிடிப்பார். அவள் படித்தாள். நன்றாகவே படித்தாள்.

வருஷக் கடைசியில் பாடங்களைத் திருப்பிப் பார்க்கும்போது, ஒரு நாள் முதல் பீரியடில் நடைச் சொற்கள் மறுபடி வந்தன. ஸ்ட்ரோல் நடந்து காட்டினேன், மார்ச் நடந்து காட்டினேன், பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்தது ட்ரட்ஜ். தற்செயலாக ஜன்னல் பக்கம் பார்த்தேன். முனுசாமி ஆற்றுப் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு கை இடுப்பில். தலை குனிந்திருந்தது. ஓர் அடி, அப்புறம் இன்னோர் அடி. நான் எத்தனையோ நாள் நடித்துப் பார்த்தும் வராத நடை. தமிழில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை, கையைக் காட்டினால் போதும், வகுப்புக்கே புரிந்துவிடும். என் கையும் ஜன்னல் பக்கம் எழுந்துவிட்டது.

மூன்றாம் பெஞ்சில் கன்னியம்மா எனக்கு முன்பே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை இறக்கிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போனேன்.